பிறந்த வீட்டு ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த வீடு எனக்குக் கிடைத்துவிட்டது. மூன்றாம் மாடி, இரண்டு அறை, பனிக்காலத்தில் சூட்டுக் குழாய் ஒழுங்காக வேலை செய்கிறது. என் மகள் தனிக் கட்டிலில் படுக்கிறாள். இதைப் படித்துவிட்டு யாரும் என் மேல் இரக்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சூ ஆற்றுப் பாலத்துக்குக் கசாக் பக்கத்தில் இருக்கிற சாவடியில், இரண்டாம் கூண்டில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி போட்ட அந்தச் சின்ன அறையைக் கூண்டு என்றுதான் நாங்கள் சொல்வோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கிர்கிஸ் நாடு. ஆற்றுக்கு இரு கரையிலும் கொண்டான் கொடுத்தான் உறவு. அவர்கள் பேசுவது எங்களுக்குப் புரியும், நாங்கள் திட்டுவது அவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். அக்காள் அங்கே, தங்கை இங்கே. ஆடு அங்கே, சந்தை இங்கே. நடுவில் நாங்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள்: சிரிக்காதே, நன்றி சொல்லாதே, எதற்கும் காரணம் சொல்லாதே. ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேள். மாமா வீட்டுக்குப் போகிறேன் என்கிறவனிடம் மாமா வீட்டுக் கதவு என்ன நிறம் என்று கேள். முழித்தால் நிறுத்தி வை. இதையெல்லாம் நான் நன்றாகவே செய்தேன். என் கூண்டுக்கு முன்னால் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், பெண்கள் குழந்தையின் வாயைப் பொத்துவார்கள். அது மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கும் ஒரு பயம் உண்டு. கேப்டன் அறை வாசலில் ஒரு பலகை. எந்தக் கூண்டில் மணிக்கு எத்தனை பேர் கடந்தார்கள் என்று அதில் எழுதுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதனால் எல்லாக் கூண்டிலும் குறுக்கு வழிகள் இருந்தன. அதில் ஒன்றுதான் 'ஒண்ணு ஒண்ணு'.

இரண்டு கரையிலும் வயதானவர்கள் பலருக்குப் பிறந்த தேதி கிடையாது. கோடை மேய்ச்சலில், மலை மேல், கூடாரத்தில் பிறந்தவர்கள். ஆடுகள் இறங்கும்போது யாராவது ஊருக்கு வந்து பதிந்தால்தான் உண்டு. அதனால் பாஸ்போர்ட்டில் ஆண்டு மட்டும் இருக்கும். நாளுக்கும் மாதத்துக்கும் வெறும் கோடு. எங்கள் கணினி கோட்டை ஏற்காது. விதிப்படி செய்வதென்றால் கேப்டனை வரவழைக்க வேண்டும், படிவத்தில் கையால் எழுத வேண்டும், நகல் எடுக்க வேண்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் வரிசை பாலம் வரை நீண்டுவிடும். அதனால் ஜனவரி ஒன்று என்று அடித்துத் தட்டிவிடுவோம். ஒன்று, ஒன்று, ஆண்டு. கிழவர்கள் எல்லோரும் புத்தாண்டு அன்றைக்கே பிறந்தார்கள் என்று சாப்பாட்டு வேளையில் சொல்லிச் சிரிப்போம்.

அது ஜூலை மாதம், புதன்கிழமை. பதினோரு மணி இருக்கும். வெயில் அப்போதே தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. "அடுத்தது!" என்றேன்.

வந்து நின்றவர் எழுபது தாண்டியவர். அந்தப் புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டு. கையில் பழந்துணியில் கட்டிய ஒரு மூட்டை. வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி மூட்டை மேல் வைத்துவிட்டு பாஸ்போர்ட்டை நீட்டினார். பெயர் தோக்தோசுன். அப்பா பெயர் மாம்பெத்.

"எங்க போறீங்க?"

"சாரிஜாருக்கு, மகளே. தங்கச்சி மௌத்தாயிட்டா. நேத்து ராத்திரிதான் போன் வந்துச்சு. இன்னைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுக்கணும்."

"எத்தனை நாள்?"

"அடக்கம் பண்ணி, ஏழாம் நாள் முடிஞ்சு..."

"ஏழா எட்டா? சரியாச் சொல்லுங்க."

"எட்டுன்னு போட்டுக்கம்மா."

"மூட்டையில என்ன?"

"கபன் துணி. அவளைப் போத்தி எடுக்கறதுக்கு, பொறந்த வீட்டுக் கோடி."

எனக்கு அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் பக்கத்திலும் அதே வழக்கம்தான். கட்டிக் கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். வந்து முகம் பார்க்க வேண்டும். 'பொருந்திக்கொண்டோம், உங்கள் மேல் குறையில்லை' என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் முகத்தை மூடுவார்கள். சொல்லாமல் எடுத்துப் புதைத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பேரன் காலம் வரை பேச்சு நிற்காது. செத்தவளுக்கும் அது அவமானம், நாதியில்லாதவள் போலப் போனாள் என்பார்கள்.

பாஸ்போர்ட்டைப் பிரித்தேன். 1951. நாளும் மாதமும் கோடு.

"பொறந்த தேதி என்ன தாத்தா?"

"தெரியாதும்மா. ஆட்டுக்கு மயிர் வெட்டுற சமயம்னு அம்மா சொல்லும்."

வரிசையில் அவருக்குப் பின்னால் சல்கின் நின்றிருந்தாள். கிர்கிஸ் வியாபாரி, வாரத்துக்கு மூன்று தரம் தயிரும் வெண்ணெயும் தூக்கிக்கொண்டு பாலம் கடக்கிறவள். சாவடியில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள். "கம்ஷாத்! அவருக்கு என்ன பொண்ணா பாக்கற, ஜாதகம் கேட்டுக்கிட்டு? சீக்கிரம் விடு, என் தயிர் புளிக்குது!" என்று கத்தினாள். வரிசை சிரித்தது.

சாவுக்குப் போகிற மனிதர், சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஒன்று, ஒன்று, 1951. தட்டினேன். திரை சிவப்பானது.

அதே பெயர், அதே அப்பா பெயர், அதே நாள். நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர், ஐந்து வருடம் நுழையத் தடை. படம் இல்லை. அந்த இன்னொரு தோக்தோசுனுக்கும் பிறந்த தேதி இருந்திருக்காது, வேறொரு சாவடியில் என்னைப் போல வேறொருத்தி ஒண்ணு ஒண்ணு போட்டிருப்பாள். அது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. ஆனால் சிவப்பு வந்தால் மேசைக்கு அடியில் இருக்கிற மணியை அழுத்த வேண்டும். கை தானாக அழுத்திவிட்டது. இரண்டு சிப்பாய்கள் வந்து அவரைக் கையைப் பிடித்துக் கம்பி வேலி ஓரம் கிடக்கிற பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மூட்டையை அங்கேயே வச்சுட்டேனே" என்றார்.

கேப்டன் அசில்கான் வந்தார். கெட்டவர் இல்லை. எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மிட்டாய் வாங்கித் தருகிறவர். திரையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"ஒண்ணு ஒண்ணு போட்டியா?"

"எல்லாரும் அதான் சார் போடறாங்க."

"எல்லாருக்கும் சிவப்பு வரலையே. உனக்குத்தானே வந்திருக்கு."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு வழி இருக்கு, கம்ஷாத். 'தேதி இல்லாத இடத்துல நானாத் தேதி போட்டேன்'னு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடு. நான் பதிவை ரத்து பண்ணிட்டு, படிவத்துல எழுதிப் பெரியவரை அனுப்பிடறேன். கால் மணி நேர வேலை. இல்லையா, தலைநகரத்துக்கு எழுதிக் கேக்கறேன். இது வேற ஆளுன்னு அவங்களே சொல்லிடுவாங்க."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரத்துலயும் வரும். நாளைக்கும் வரும். அவங்க சாப்பாட்டைப் பொறுத்தது."

"கடிதம் எழுதினா?"

"உனக்கு அது மூணாவது கடிதம். என் வாயால சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது கடிதம் என்றால் கூண்டு போய்விடும், அரசு வீட்டுக்குக் காத்திருப்போர் வரிசையிலிருந்து பெயர் போய்விடும். ஒன்பது வருடமாக அந்த வரிசையில் இருந்தேன். நானும் மகளும் ஒருவர் வீட்டுப் பின்கட்டில், அடுப்படியைத் திரை போட்டு மறைத்துக் குடியிருந்தோம். அந்த வருடம் ஆறு வீடு தருவதாக இருந்தது. நான் நான்காவது ஆள். செப்டம்பரில் பட்டியல் ஒட்டுவார்கள்.

கேப்டனே 'பிழை' என்று எழுதி ரத்து செய்திருக்கலாம். அப்படி எழுதினால் பழி அவர் மேல் விழும். அவருக்கும் மேஜர் பதவி கதவு வரை வந்து நின்றுகொண்டிருந்தது. எங்கள் சாவடியில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கதவு வரை வந்துதான் நிற்கும்.

"தலைநகரத்துக்கே கேளுங்க சார்," என்றேன்.

என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி," என்றார்.

நான் திரும்பவும் உட்கார்ந்து, "அடுத்தது!" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

சல்கின் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். சிரிப்பு போயிருந்தது. "அவரை ஏன் உக்கார வச்சிருக்க?"

"கம்ப்யூட்டர்ல சிக்கல்."

"அந்தாளு சாவு வீட்டுக்குப் போறாரு, தெரியும்ல?"

"தெரியும். பாஸ்போர்ட்டைக் குடு."

அவள் முத்திரை வாங்கிக்கொண்டு நேராகப் பெஞ்சுக்குப் போனாள். கிழவரிடம் குனிந்து ஏதோ பேசினாள். பிறகு என் கூண்டுக்கு அடியில் கிடந்த மூட்டையை எடுத்து, மேலிருந்த தொப்பியை அவரிடம் கொடுத்துவிட்டு, தோளில் போட்டுக்கொண்டாள். அடுத்தவர் சாமானைத் தூக்கக் கூடாது என்பது விதி. சுங்கத்துக்காரன் மறித்தான்.

"யாரோட துணி இது?"

"என்னோடது. சாகும்போது உடுத்திக்கறதுக்கு. நிறைய இருக்கு, உன் உயரத்துக்கும் ஒண்ணு வெட்டித் தரட்டா?"

அவன் வழிவிட்டான். அப்படி, அண்ணனுக்கு முன்னால் துணி ஊர் போய்ச் சேர்ந்தது. அந்தத் தயிர்க்காரிக்கு இருந்த துணிச்சலில் பாதி எனக்கு இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

பன்னிரண்டானது. ஒன்றானது. ஐரோப்பாவிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றுகிற ஒரு ஜோடி வந்தது. அரைக்கால் சட்டை, மூக்கில் வெள்ளைப் பசை. கேப்டனே வெளியே வந்து வரவேற்றார். வரிசை இல்லை, மூட்டையைப் பிரிக்கவில்லை, இரண்டு நிமிடத்தில் முத்திரை. கேப்டன் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பெஞ்சிலிருந்த கிழவர் அவர்களைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார், விருந்தாளிகள் அல்லவா. அவர் ஊர் வழக்கம் அது. எங்கள் ஊர் வழக்கமும் அதுதான், வேலைக்கு வராத நாட்களில்.

சாப்பாட்டு வேளையில் அவருக்கு ஒரு கிண்ணம் தேநீர் கொண்டுபோனேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்.

"மகளே, நான் என்ன தப்பு பண்ணினேன்? சொன்னா திருத்திக்கறேன்."

"தப்பு ஒண்ணும் இல்ல தாத்தா. உங்க பேர்ல இன்னொருத்தர் இருக்கார். அதைச் சரிபாக்கறாங்க."

"எங்க ஊர்லயே நாலு பேர் இருக்கோம். பிள்ளை தங்காத வீட்டுல எல்லாம் இந்தப் பேர்தானே வைப்பாங்க, இதாவது நிக்கட்டும்னு. எனக்கு முன்னாடி மூணு போச்சு. நான் நின்னேன். எனக்கப்புறம் பத்து வருஷம் கழிச்சு அவ பொறந்தா. வேற யாரும் கிடையாது." தேநீரை ஊதினார். "குல்பாராவுக்குப் பொறந்த வீடுன்னா நான் ஒருத்தன்தான்."

"பதில் வந்துரும் தாத்தா."

"நீ சொன்னா சரி. நீ நல்ல பொண்ணு, தேத்தண்ணி எல்லாம் குடுக்கற."

அப்போதே எழுதியிருக்கலாம். இழுப்பறையில் தாள் இருந்தது, பேனா சட்டைப் பையில் இருந்தது. கூண்டுக்குத் திரும்பிப் போய் இழுப்பறையைத் திறக்கவும் செய்தேன். 'நான், கம்ஷாத்' என்று எழுதினேன். அதற்குள் வரிசையில் ஒருவன் கண்ணாடியைத் தட்டினான். தாளைக் கசக்கிக் காலடியில் போட்டேன். இன்னும் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மணி நேரமாக அந்தப் பத்து நிமிடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு அவருடைய கைபேசி அடித்தது. சாவடிக்குள் போன் பேசக் கூடாது. சிப்பாய் முறைத்தான். நான் கையைக் காட்டி விடச் சொன்னேன். அவருக்குக் காது மந்தம் போல, சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். தங்கை மகன் ஜோமார்ட் பேசுவது எனக்கும் கேட்டது.

"மாமா, துணி வந்துருச்சு. குளிப்பாட்டிக் கட்டியாச்சு. முகத்தை மட்டும் மூடல. எங்க மாமா இருக்கீங்க?"

"இங்கதான். வந்துருவேன்."

"இமாம் அஸரைத் தாண்டக் கூடாதுங்கறார். வெயில் தாங்காது மாமா. எனக்குச் சொல்ல வாய் வரல, வாடை..."

"மூடிராதீங்கப்பா. நான் வந்துருவேன்."

போனை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தார். நான் ஒரு பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வெற்றுப் பக்கங்கள்.

நாலு மணிக்குக் கால் மணி இருக்கும்போது வெளியே ஒரு லாரிச் சத்தம். ஆடு ஏற்றுகிற லாரி, பின்தட்டில் கம்பளம் விரித்து, அதன் மேல் பிணத்தைக் கிடத்திய சந்தூக். பின்னால் முப்பது நாற்பது ஆண்கள், நடந்து வந்திருந்தார்கள். சாரிஜார் மூன்று கிலோமீட்டர். பிறந்த வீட்டு ஆள் வர முடியவில்லை என்றால் பெண்ணையே கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வெளித் தடுப்புக் கட்டை வரை வந்து லாரி நின்றது.

கேப்டன் ஓடினார். நானும் எழுந்து பின்னால் போனேன்.

"எல்லைப் பகுதியில கூட்டம் கூடக் கூடாது. வண்டியைத் திருப்புங்க."

முன்னால் நின்றவன் ஜோமார்ட். தாடியெல்லாம் புழுதி. "கூட்டம் இல்ல சார், குடும்பம். மாமா உள்ள உக்காந்திருக்கார். அம்மா முகத்தை அவருக்குக் காட்டிட்டுத் திருப்பிடறோம்."

"உள்ள கொண்டு வர முடியாது. உள்ள வர யாரா இருந்தாலும் பத்திரம் வேணும்."

"அம்மாவோட பாஸ்போர்ட் என் பையில இருக்கு சார். இந்த நாட்டுக்காரிதான். எடுத்துக் காட்டவா?"

கேப்டன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவர் வேலி வரைக்கும் வரட்டும். நீங்க கட்டைக்கு அந்தப் பக்கத்துல இருந்தே காட்டுங்க. ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல கேக்காதீங்க."

வேலிக்கும் கட்டைக்கும் நடுவே அறுபது அடி தூரம். வெறும் சிமெண்டுத் தரை, ஒரு மஞ்சள் கோடு.

உள்ளே திரும்பும்போது நான் கேப்டனின் கையைப் பிடித்தேன். அதுவரை அவரைத் தொட்டதே இல்லை. "சார், நான் எழுதித் தரேன். இப்பவே தரேன். அவரை அனுப்பிடுங்க."

"இப்பவா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "நாலரை மணி நேரம் கழிச்சு எழுதினா, நாலரை மணி நேரம் ரெண்டு பேரும் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. கட்டையில பொணம் வேற நிக்குது. நீ மட்டும் போக மாட்ட, நானும் போவேன். பேசாம அவர் கூடப் போய் நில்லு. கோட்டைத் தாண்டாம பாத்துக்க."

போய் நின்றேன்.

கிழவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நான்கு பேர் சந்தூக்கைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள். ஜோமார்ட் தலைமாட்டில் போர்த்தியிருந்ததை விலக்கினான். ஆட்கள் தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள்.  வரிசையில் நின்றவர்களும் வேலிப் பக்கம் திரும்பினார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். செத்தவளுக்கு மரியாதை என்று சொல்லலாம். அது பொய். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மஞ்சள் கோட்டையும் அதன் மேல் ஊர்ந்த எறும்பையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாமா! தெரியுதா?"

"தெரியுது!"

"இன்னும் தூக்கவா?"

"வேணாம், தலை ஆடும்!"

"பொருந்திக்கிட்டீங்களா மாமா?"

கிழவர் நிமிர்ந்து நின்றார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "பொருந்திக்கிட்டேன்! எங்க வீட்டுக்கு உங்க மேல ஒரு குறையும் இல்ல! மூடி எடுத்துட்டுப் போங்க!"

முகத்தை மூடினார்கள். லாரி பின்வாங்கித் திரும்பியது. அதற்குப் பின்னால் ஆட்கள் வேகவேகமாக நடந்தார்கள், தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அவர் உள்ளங்கைகளை ஏந்தி ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டார்.

தலைநகரத்துப் பதில் ஐந்தே முக்காலுக்கு வந்தது. 'வேறு நபர். அனுமதிக்கலாம்.' ஒரே வரி. அப்போது குல்பாரா மண்ணுக்குள் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. கிழவரும் பாலத்தைக் கடந்து தன் ஊருக்கே போய்விட்டிருந்தார். இதை இங்கேயே சொல்லித் தீர்த்துவிடுகிறேன். வேலியோரம் கடைசியாக நடந்ததைச் சொன்ன பிறகு இதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

லாரிப் புழுதி அடங்கும் வரை அவர் கம்பியை விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். அவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் கவனித்தேன், இரண்டு கண்ணிலும் பால் கலந்தது போல வெள்ளை படர்ந்திருந்தது.

"கண்ணுல புரை விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு மகளே," என்றார் மெல்ல. "பத்தடிக்கு அப்பால எல்லாம் புகைதான். பையன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு தெரியுதுன்னுட்டேன். நீ பாத்தியா?"

"பாத்தேன் தாத்தா."

"எப்படி இருந்தா?"

"தூங்கற மாதிரி இருந்தாங்க. முகம் தெளிவா இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். ஒரு விரலைத் தூக்கித் தன் இடது புருவத்தின் மேல் வைத்தார். "இந்த இடத்துல ஒரு தழும்பு இருக்குமே. சின்ன வயசுல கல்லு பட்டது. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது தாத்தா. சின்னதாத் தெரிஞ்சுது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கண்ணுக்கு நான் எவ்வளவு தெரிந்தேனோ. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பேன்.

"என் தங்கச்சி மூஞ்சில தழும்பே கிடையாதும்மா," என்றார்.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்காகக் கையை நீட்டினார்.